பத்து ரூபாய்ப் பொட்டலமும் பதினைந்து கிலோ பெட்டியும்

மாலை நாலே கால் மணி. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை முன்னால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கூட்டம். கடை முகப்பில் சரம் சரமாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தச் சரங்களில் சிப்ஸும் மிட்டாயும்தான் இருக்கும். இப்போது காய்ந்த திராட்சை, கொட்டை எடுத்த பேரீச்சை, மாம்பழக் கட்டி, தேன் நெல்லி, இலந்தை வடை என்று பழத் தின்பண்டங்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. “சிப்ஸு வேணாம்த்தா, வயித்துக்கு ஆகாது. திராட்சை வாங்கிக்க” என்று பேத்தியின் கையைப் பிடித்து நகர்த்துகிறார் ஓர் அப்பத்தா. பேத்தியும் சம்மதிக்கிறாள். பத்து ரூபாய் கைமாறுகிறது.

அதே பொட்டலம் ஒன்றை நானும் வாங்கினேன். திருப்பிப் பார்த்தால் நிகர எடை 20 கிராம். வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டி எண்ணினேன், நாற்பத்தொரு திராட்சை. ஒரு கிராம் ஐம்பது காசு என்றால் கிலோ 500 ரூபாய். அதே வாரத்தில் கீழமாசி வீதி மொத்தக் கடையில் பெட்டியாக எடுத்தால் கிலோ 300 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். மாதத்தில் இருபது பள்ளி நாள் என்று வைத்தால் நாற்பது பொட்டலம், 400 ரூபாய், 800 கிராம். மொத்த விலையில் இதே 800 கிராம் 240 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாதம் 160 ரூபாய் மிச்சம். காகிதத்தில் எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சட்டைப் பையில் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மதுரைக்காரர்களுக்குக் கீழமாசி வீதியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. விளக்குத்தூண் தாண்டி அந்தப் பக்கம் திரும்பினாலே வற்றல் நெடியும் பெருங்காய வாடையும் வரவேற்கும். மூட்டை சுமக்கும் தொழிலாளி “ஓரம், ஓரம்” என்று குரல் கொடுத்தபடி நம்மை இடித்துக்கொண்டு போவார். நான் போன கடையில் முதலாளி தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: “கல்யாண வீடாண்ணே?” இல்லை, வீட்டுக்குத்தான் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுக்கா? ரெண்டு கிலோ லூஸ்ல போடுறேன், கொண்டுபோங்க. தீந்ததும் வாங்க.” லூஸில் என்ன விலை என்றேன். 340 என்றார். பெட்டி எடுத்தால் 300. நாற்பது ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்ததும் புத்தி வேலை செய்யவில்லை. பதினைந்து கிலோ பெட்டியை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, முழங்கால் இரண்டையும் அகட்டியபடி வீடு வந்து சேர்ந்தேன்.

மாதம் 800 கிராம் தேவைப்படும் வீட்டுக்குப் பதினைந்து கிலோ என்றால் ஒன்றரை வருஷத்துக்கும் மேலே வரும். இந்த வகுத்தல் கணக்கைக் கடையில் நின்றபோது போடத் தோன்றவில்லை.

பெட்டி வீட்டுக்குள் வந்ததும் வீட்டின் பழக்கமே மாறிப்போனது. பொட்டலமாக இருந்தபோது ஒரு பிள்ளைக்கு நாற்பது திராட்சை. டப்பா வந்தபிறகு ஒரு கைப்பிடி. போகும்போது ஒரு கை, வரும்போது ஒரு கை. அரைத் தம்ளர் பாயசத்தில் திராட்சை கால் தம்ளர் மிதந்தது. வந்த சொந்தக்காரர்களுக்கு “நம்ம வீட்டுலதான் நெறைய இருக்கே” என்று பொட்டலம் கட்டிக் கொடுத்ததில் இரண்டு கிலோ போனது. ஐப்பசி அடைமழையில் மிச்சமிருந்தது கசகசவென்று ஒட்டி, ஒருநாள் டப்பாவைத் திறந்தால் அந்துப்பூச்சி பறந்தது. மூன்று கிலோவைக் கொட்டினோம். ஐந்து மாதத்தில் பெட்டி காலி. பொட்டலமாகவே வாங்கியிருந்தால் அந்த ஐந்து மாதத்துக்கு 2,000 ரூபாய் ஆகியிருக்கும். நான் சேமிக்கப் போய்ச் செலவழித்தது 4,500. “அந்தக் கடைக்காரருக்கு இருந்த அக்கறை உங்களுக்கு இல்லையே” என்றார் மனைவி. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் வீட்டில் எனக்குப் பேச்சுரிமை இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த மலிவு கடை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வந்தபிறகு சரக்கு எத்தனை நாள் தாங்கும், எத்தனை பேர் தின்பார்கள், எதில் வைப்பது, எவ்வளவு வீணாகும் என்று வேறொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. “மொத்தமாக வாங்குங்கள், மிச்சம் பிடியுங்கள்” என்று அறிவுரை சொல்கிறவர்கள் முதல் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பொட்டலத்தின் பின்பக்கம்

முதல் கணக்கையாவது சரியாகப் போட நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் 2011ல் வந்தன. 2021 நவம்பரில் செய்த திருத்தத்தில், விற்பனை விலையோடு ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று சேர்த்தார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோ என்ன விலை என்று போட்டிருக்க வேண்டும். அமலுக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது கடையில் எந்தப் பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு இத்தனை காசு என்று இருக்கும். மடிப்புக்கு உள்ளே, வெள்ளிக் காகிதத்தின் மேல் மங்கல் மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி யாராவது போராட்டம் அறிவித்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

இந்த எண் இருப்பதால் என்ன லாபம்? ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஐந்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே இருக்கும் கிராம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். விலையைக் கூட்டினால் கேள்வி கேட்கிற நாம், எடையைக் குறைத்தால் பொட்டலம் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு கிராமின் விலையை அச்சிட்டுவிட்டால் அந்த வித்தை அம்பலப்பட்டுவிடும். அதே எண், பெரிய பொட்டலம் எல்லாமே மலிவு என்ற மூடநம்பிக்கையையும் உடைக்கிறது. ஷாம்பூவைப் பாருங்கள். பல பிராண்டுகளில் பாட்டிலைவிடச் சின்னப் பொட்டலத்தில்தான் ஒரு மில்லி மலிவு. இதைத் தமிழ்நாட்டுப் பெண்கள் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்து, சரமாக வாங்கிக் குளியலறை ஆணியில் தொங்கவிட்டுவிட்டார்கள்.

ஷாம்பூவைச் சொல்லும்போது கடலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய கம்பெனிகள் பாட்டிலில் மட்டுமே விற்ற பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கிப் பயன்படுத்தும்படி சின்னப் பொட்டலத்தில் அடைத்தவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். வெல்வெட் ஷாம்பூ அவர்கள் குடும்பத்திலிருந்து வந்ததுதான். மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகக் கிளம்பி, சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். உலகம் முழுக்க வணிகக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லும் சில்லறைப் பொட்டலப் புரட்சிக்கு விதை நம் ஊரில் விழுந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. பத்து ரூபாய்ப் பொட்டலத்தைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பொட்டலத்தை வாங்கும் அப்பத்தாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது நம் அறியாமை. சித்தாள் வேலைக்குப் போகும் மகளின் கூலி சாயங்காலம் கைக்கு வருகிறது. அரிசி ரேஷனில் வந்துவிடும். மற்றதெல்லாம் அன்றன்றைக்கு: கால் லிட்டர் எண்ணெய், ஐந்து ரூபாய்க்குப் பூண்டு, பத்து ரூபாய்க்குத் திராட்சை. மொத்தமாக 300 ரூபாயை எடுத்துக் கொடுத்து ஒரு கிலோ திராட்சை வாங்கிவைத்தால், அடுத்த நாள் மருந்து வாங்கவோ பஸ்ஸுக்கோ கையில் காசு இருக்காது. திராட்சையைத் திருப்பிக் கொடுத்தால் மருந்துக் கடையில் மாத்திரை தரமாட்டார்கள். பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் அவர் கூடுதலாகக் கொடுக்கும் நாலு ரூபாய், மிச்ச 290 ரூபாயைக் கையில் வைத்திருப்பதற்கான வாடகை. ஒரு மாதச் சம்பளம் மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறுகிற எனக்கு அந்த வாடகை இல்லை. குளிர்பதனப் பெட்டி இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது, மூன்று கிலோவைக் கொட்டிவிட்டு நாளிதழில் நகைச்சுவையாக எழுதுகிற வசதியும் இருக்கிறது. இருக்கிறவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு ஏறுவிலை. சந்தையின் இந்த ஓரவஞ்சனையைத் தனி மனிதரின் சிக்கனத்தால் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நிறுத்துப் போட்ட காலத்தில் கொசுறு என்று ஒன்று இருந்தது. கால் கிலோ பேரீச்சை நிறுத்துவிட்டு, கூட வந்த பிள்ளையின் கையில் இரண்டு பழத்தை வைப்பார் அண்ணாச்சி. வாடிக்கையாளர் ஏழையாக இருந்தால் தராசுத் தட்டு கொஞ்சம் கூடுதலாகவே தாழும். ஒட்டி அடைத்த பொட்டலத்தில் கொசுறுக்கு இடமில்லை.

பங்குக் கறி சொல்லும் வழி

அப்படியென்றால் வழி என்ன? நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவைத்த வழிதான். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுப் பங்கு போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கிடாயை வாங்கும். கறிக்கடையில் நிறுத்து வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கும் அன்றைக்கு ஒரு பங்கு உண்டு. உரித்து, வெட்டி, ஓலைப் பாயில் கூறு போடும்போது எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழுகிறதா என்று பன்னிரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். பணத்தை அன்றைக்கே கொடுக்க முடியாதவருக்கு வாரக் கடைசிவரை தவணை. கிடாய் மொத்தமாக வாங்கப்பட்டது. எந்த வீட்டிலும் கறி மிஞ்சவில்லை, கெட்டுப்போகவில்லை. மொத்த விலையும் கிடைத்தது, சில்லறை அளவும் கிடைத்தது. நான் பதினைந்து கிலோ பெட்டியோடு தனியாக வீட்டுக்கு வந்தபோது விட்டது இந்தச் சூட்சுமத்தைத்தான்.

இதையே கடையாக நடத்திக் காட்டியவர்கள் உண்டு. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், நெசவாளிகளும் பிற தொழிலாளிகளுமான 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வைத்திருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி. கலப்படம் இல்லாத சரக்கு, சரியான எடை, லாபம் வந்தால் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திரும்பும். உலகக் கூட்டுறவு இயக்கம் தன் பிறப்பிடமாகக் கருதுவது அந்தக் கடையை. சென்னையில் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் சேர்ந்து 1904ல் திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்ற வகைச் சங்கங்களுக்குச் சட்டம் கதவு திறந்தது 1912ல்தான். சட்டம் கடனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதே திருவல்லிக்கேணிக்காரர்கள் மளிகையைப் பற்றி யோசித்துவிட்டார்கள்.

நாம் இன்னும் அந்த 1904 சட்டத்தின் மனநிலையிலேயே இருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இயக்கம் இன்று குழு இல்லாத தெரு இல்லை என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். வாரக் கூட்டம், சேமிப்பு, கணக்கு நோட்டு, வங்கிக் கணக்கு, எல்லாம் ஒழுங்கு. ஆனால் கூட்டம் முடிந்ததும் அந்தப் பன்னிரண்டு பேரும் தெருமுனைக் கடைக்குப் போய் ஆளுக்கொரு பத்து ரூபாய்ப் பொட்டலம் தனித்தனியாக வாங்குகிறார்கள். கடன் வாங்கச் சேர்ந்த கைகள் சரக்கு வாங்கச் சேரவில்லை. சில இடங்களில் தீபாவளிப் பலகாரச் சீட்டு போடுகிறார்கள் என்பது உண்மை. வாரம் ஐம்பது, நூறு என்று கட்டி, பண்டிகைக்கு முன் எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசு என்று மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் கட்டி ஏமாந்த கதைகளும் ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தியாக வருகின்றன. ஆனால் ஏமாற்றியவர் தூரத்து ஆள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கட்டும் சீட்டுக்கு அவர் வீட்டு வாசல்தான் உத்தரவாதம்.

கூட்டுறவுத் துறையாலும் இது முடியாத காரியமில்லை. 2024 தீபாவளிக்கு மளிகைத் தொகுப்புகளை 199, 299 ரூபாய் என்று விலை வைத்து விற்றார்கள். கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன் என்று பெயர் பெற்ற கூட்டுறவு அங்காடிகள் இருக்கின்றன. தொகுப்பு என்பதும் ஒருவகைப் பெரிய பொட்டலம்தான். வேண்டாததையும் சேர்த்து வாங்க வைக்கும். நான் கேட்பது அதைவிட எளிய ஒன்று: அங்காடியின் ஒரு மூலையில் திறந்த டப்பாக்களில் பேரீச்சை, திராட்சை, வேர்க்கடலை. பக்கத்தில் ஒரு தராசு. ஐம்பது கிராம் கேட்டாலும் கிலோ விலையிலேயே நிறுத்துக் கொடுக்கும் ஓர் ஊழியர். பத்து ரூபாய் நீட்டினால் இருபது கிராமுக்குப் பதில் முப்பது கிராம் வரும். சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் டன் கணக்கில் சரக்கு வாங்கிப் பழகிய மாநிலம் இது. நாற்பது கிராம் திராட்சைக்கு நம்மிடம் வழி இல்லை என்றால் நம்ப முடியவில்லை.

வரியும் ஓரளவு இறங்கிவந்திருக்கிறது. பேரீச்சை, அத்தி, பாதாம் போன்றவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. அதன் பலன் பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் எத்தனை கிராமாக வந்தது என்று பழைய பொட்டலத்தையும் புதியதையும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பொட்டலத்தை யார் எடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மாடிப்படியில் ஒரு தராசு

பெட்டிச் சம்பவம் நடந்து ஓர் ஆண்டு கழித்து, எங்கள் குடியிருப்பின் மாடி வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னார். ஆறு வீடு சேர்ந்து பத்து கிலோ பேரீச்சைப் பெட்டி ஒன்று எடுக்கலாம். போய் வாங்கிவரும் வேலை அனுபவசாலி என்ற முறையில் எனக்கு. விலை 1,300 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் செய்தித்தாள் விரித்து, நடுவில் சமையலறைத் தராசை வைத்தோம். பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் தாளுக்குள் பழங்கள் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தன. கத்தியை வெந்நீரில் முக்கி முக்கி அக்காதான் பிரித்தார். ஓரத்துப் பழங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. “பூசணம் பிடிச்சிருக்கு, திருப்பிக் கொடுத்துருங்க” என்றார் கீழ்வீட்டு மதினி. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் கரைந்துவிட்டது. பழத்திலிருந்த சர்க்கரையே வெளியே வந்து உறைந்தது. தேய்த்தும் கரையாமல், பஞ்சுபோல் இழை தெரிந்து, மக்கல் வாடை அடித்தால்தான் பூசணம். இது தெரியாமல் எத்தனை வீட்டில் நல்ல பழம் குப்பைக்குப் போகிறதோ.

பெட்டியில் பத்து கிலோ என்று அச்சிட்டிருந்தது. நிறுத்தால் ஒன்பது கிலோ தொள்ளாயிரம். தாளில் ஒட்டியது, நசுங்கியது என்று நூறு கிராம் சேதாரம். அதையும் ஆறாக வகுத்தோம். வீட்டுக்கு ஒரு கிலோ 650 கிராம், 217 ரூபாய். எங்கள் தெருக்கடையில் இதே ரகம் கால் கிலோ 55 ரூபாய். அந்தக் கணக்கில் 363 ரூபாய் ஆகியிருக்கும். வீட்டுக்கு 146 ரூபாய் மிச்சம். என் ஸ்கூட்டர் பெட்ரோலை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். நசுங்கின பழத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். ஒரு கிலோ 650 கிராம் இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அந்து வரவில்லை, வருவதற்கு அவகாசமே கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓரளவு தொழில் தெரிந்துவிட்டது. நோன்பு நெருங்கும் வாரத்தில் பேரீச்சைப் பக்கம் போவதில்லை; இராக்கிலும் இரானிலும் அறுவடை முடிந்து புதுச் சரக்கு வந்தபிறகு போகிறோம். காய்ந்த திராட்சை மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பக்கம் பிப்ரவரியிலிருந்து கோடைவரை உலர்த்தப்படுகிறது. அதனால் சித்திரை, வைகாசியில் வாங்குகிறோம். பளபளவென்று தங்க நிறத்தில் இருந்தால் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் பழுப்புத் திராட்சையே போதும் என்றுவிட்டார். பாதாம், முந்திரியைப் பெட்டியாக எடுப்பதில்லை. எண்ணெய்ச் சத்து உள்ளவை சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். பேரீச்சையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். டப்பாவை மேசையில் வைக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்து, தினம் எண்ணிக் கொடுக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தோம். இந்தக் கடைசி விதியை என் விஷயத்திலும் அமல்படுத்துகிறார்கள்.

பழச்சாறு மிட்டாய், ஜெல்லி, பழம் படம் போட்ட மெல்லும் கட்டி, இவற்றை மொத்தமாக வாங்கலாமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பொட்டலத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் எழுத வேண்டும் என்பது விதி. கேட்டவர் கையிலேயே பொட்டலத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். முதலில் சர்க்கரை, அடுத்து குளுக்கோஸ் பாகு, பழம் எங்கோ கடைசியில். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சர்க்கரையை ஏன் பெட்டிக் கணக்கில் வாங்க வேண்டும்? அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ஒரு கிலோ காய்ந்த திராட்சைக்குச் சுமார் நாலு கிலோ பச்சைத் திராட்சை வேண்டும். உலர்த்தும் கூலி, பெட்டி, லாரி வாடகை, தரகு எல்லாம் அதன் மேல் ஏறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மதுரைக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் வந்துவிடுகிறது. ஆயக்குடியிலிருந்து கொய்யா கூடை கூடையாக வருகிறது. சாயங்காலம் தள்ளுவண்டியில் கூறு கட்டி விற்கும் அக்காவிடம் இருபது ரூபாய்க்கு நாலைந்து கொய்யா கிடைக்கிற நாளில், பத்து ரூபாய்க்கு நாற்பத்தொரு திராட்சை எந்தக் கணக்கில் மலிவு? பருவத்தில் கிடைக்கும் பழத்தை முந்த எந்தப் பெட்டியாலும் முடியாது. பழம் விலை ஏறும் மாதங்களுக்கும், பையில் போட்டு அனுப்ப வேண்டிய பயண நாட்களுக்கும்தான் உலர்பழம் என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதிகாரிகளிடம் இரண்டு வேண்டுகோள். எடையளவுத் துறையினர் கடைகளில் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும்போதே, பொட்டலத்தில் கிராம் விலை கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இல்லாத பொட்டலத்தைப் பற்றி வாசகர்களும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன். கூட்டுறவுத் துறை ஏதாவது ஒரு மாவட்டத்தில், பள்ளிகள் இருக்கிற தெருக்களில் உள்ள ரேஷன் கடைகளிலாவது, நிறுத்துக் கொடுக்கும் தின்பண்ட டப்பாக்களை வைத்துப் பார்க்கட்டும். அந்த அப்பத்தா மாதிரி ஆட்கள் சேர்ந்து பெட்டி வாங்க முடியாது. அவர்களுக்காக யாராவது பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் அடுத்த பெட்டிக்கு ஒன்பது வீடு பேர் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பேர் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருடையது.